பதிவு எழுதியவரா, இடம் கொடுத்தவரா?

கேள்வி: சிறிய தையல் கடை நடத்துகிறேன். வாடிக்கையாளர் ஒருவர் என் படத்தையும் கைப்பேசி எண்ணையும் சமூக ஊடகத்தில் போட்டு, "முன்பணம் வாங்கி ஏமாற்றுகிறவள்" என்று எழுதிவிட்டார். அது பொய். முன்பின் தெரியாதவர்கள் இரவில் அழைத்துத் திட்டுகிறார்கள். மூன்று வாரமாகப் புகார் பொத்தானை அழுத்துகிறேன், பதிவு நீங்கவில்லை. அந்த நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா?
- ஒரு வாசகி, நிலக்கோட்டை

பதில்: அன்புச் சகோதரி, முதல் வேலையாக, பதிவின் இணைய முகவரியும் தேதியும் எழுதியவர் பெயரும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். அவர் நாளையே அழித்துவிட்டால் உங்கள் கையில் சாட்சி இருக்காது. வந்த அழைப்புகளின் பட்டியலையும் அழிக்காதீர்கள்.

நிறுவனத்திடம் மட்டும் நஷ்டஈடு கேட்டால் வழக்கு நிற்பது கடினம். 2004-இல் ஒரு விற்பனைத் தளத்தில் யாரோ ஆபாசக் காணொளியை விற்றதற்காக, அந்தத் தளத்தின் தலைவரையே கைது செய்தார்கள். அதன் பிறகு, 2008-இல், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு திருத்தப்பட்டது. பிறர் எழுதியதற்கு, இடம் கொடுத்தவர் பொறுப்பல்ல. சட்டவிரோதம் என்று தெரிந்தும் நீக்காவிட்டால்தான் பொறுப்பு. 'தெரிந்தும்' என்றால் நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்த பிறகு என்று 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. யார் புகார் சொன்னாலும் நீக்க வேண்டுமென்றால், ஏமாந்தவர் எழுதும் உண்மையும் மறைந்துபோகும். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் சுமை முழுவதும் உங்களைப் போன்றவர் தலையில் விழுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே எழுதியவர் மீது வழக்குப் போடுங்கள். நிறுவனத்தையும் அதில் எதிர்மனுதாரராகச் சேர்த்து, பதிவை நீக்க உத்தரவு கேளுங்கள். உத்தரவு போன பிறகும் நீக்காவிட்டால் 79-ஆம் பிரிவு அவர்களைக் காக்காது. அவதூறுக்கு நஷ்டஈடு கேட்க, பதிவு வெளியான நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம்.

அதற்குள் இன்னொரு வழியும் உண்டு. பொத்தானை அழுத்துவதோடு நிற்காமல், நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அவர் பெயரையும் முகவரியையும் நிறுவனம் தன் தளத்தில் வெளியிட வேண்டும் என்கின்றன 2021-ஆம் ஆண்டு விதிகள். உங்கள் எண்ணைப் பரப்பியது அந்தரங்கத்தில் கைவைத்தது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவை இணையவழியாகவே அணுகலாம்.

நஷ்டஈடு தவிர, அவதூறுக்குக் குற்ற வழக்கும் வேண்டுமென்றால், அதைக் காவல் நிலையத்தில் நேரடியாகப் பதிய மாட்டார்கள். நீதித்துறை நடுவரிடம்தான் போக வேண்டும். இரவு மிரட்டல்களுக்குக் காவல்துறையில் தனிப் புகார் கொடுங்கள்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் பேசலாம்.