காத்தாடி சுத்தினால் கரிக்கு ஏன் நஷ்டம்?

(பதில் சொல்பவர்: அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற காரைக்குடிக்காரர்.)

தேவகோட்டை ஆச்சி ஒருவர்: காத்து சும்மாதானே வருது? ஆரல்வாய்மொழிப் பக்கம் எங்கே பார்த்தாலும் காத்தாடி. கரண்டு பில்லு மட்டும் ஏன் குறைய மாட்டேங்குது?

ஆச்சி, உங்க வீட்டையே எடுத்துக்குவோம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். கல்யாணம், படைப்பு என்று வருஷத்தில் நாலு நாள்தான் முகப்பு முதல் கடைசிக் கட்டு வரை திறக்கிறது. அதற்காகக் காவல்காரர் சம்பளமும், ஓடு மாற்றுவதும், கரையான் மருந்தும் நிற்கிறதா? கரியில் ஓடும் அனல்மின் நிலையமும் அப்படித்தான்; காற்று அடித்தால் அதைக் குறைத்து ஓட்டச் சொல்வார்கள். கரிக்காசு, நிலையம் ஓடினால் மட்டும். கடன் வட்டி, சம்பளம் எல்லாம் ஓடாவிட்டாலும் உண்டு. நிலையம் 'தயார்' என்று சொல்லிவிட்டால், மின்சாரம் எடுக்காவிட்டாலும் மின்வாரியம் ஒப்பந்தப்படி இந்த நிலைச்செலவுக்கான நிலைக் கட்டணத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். காற்று மிச்சம் பிடித்துத் தருவது கரிக்காசை மட்டும். பேச்சுக்கு, முழுத் திறனில் 80 சதவீதம் ஓடும்போது யூனிட்டுக்கு நிலைச்செலவு 1.50 ரூபாய் என்றால், 40-க்கு இறங்கினால் 3 ரூபாய்.

புதுவயல் அரிசி ஆலைக்காரர்: காத்து அடிக்கிறப்ப கரியை நிறுத்திட்டு, அது ஓய்ஞ்சதும் ஓட்டினா என்ன?

அண்ணே, நெல் அவிக்கிற பாய்லரை தினம் நாலு தரம் அணைத்துப் பற்றவைப்பீர்களா? தூத்துக்குடி அரசு அனல்மின் நிலையத்தில் இருப்பவை 210 மெகாவாட் யூனிட்டுகள் (பாய்லரும் ஜெனரேட்டரும் சேர்ந்த தொகுதிகள்) ஐந்து. அந்த அளவு யூனிட் 55 சதவீதத்தில், அதாவது சுமார் 115 மெகாவாட்டில் ஓடினால் எப்படி இருக்கும் தெரியுமா? ஆடி மாதம், ராத்திரி ரெண்டு மணி. எந்த நிலையம் எவ்வளவு ஓடவேண்டும் என்று சொல்லும் லோடு டெஸ்பாட்ச் மையத்திலிருந்து போன்: "இன்னும் முப்பது மெகாவாட் இறக்குங்க." கரியைப் பொடியாக்கி பாய்லருக்கு அனுப்பும் மில்களில் ஒன்றை நிறுத்துவோம். கரி குறையக் குறைய நெருப்பு தடுமாறும். சுடர் துடிப்பது தெரிந்ததும் எண்ணெயைப் பீய்ச்சி எரிக்கும் ஆயில் கன்னைப் போட்டுத் தாங்குவோம். கரியைவிடப் பல மடங்கு விலையுள்ள எண்ணெய். விடிந்ததும் "ஏத்துங்க" என்பார்கள். இப்படிச் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒருநாள் பாய்லர் குழாயில் ஓட்டை விழும். அந்த ரிப்பேர்ச் செலவைக் காற்றாலைக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. அதற்காகக் காற்றைத் திட்டமாட்டேன்; பாய்லரை அந்த வேலைக்கு நாம் கட்டவில்லை, அவ்வளவுதான்.

குன்றக்குடி கல்லூரி மாணவர்: கூடங்குளத்துக்கும் இதே கதிதானா சார்?

இல்லை தம்பி. அங்கே 1000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. முதலீடுதான் மலை, எரிபொருள் செலவு கொஞ்சம். அதனால் இறக்கி ஓட்டினால் மிச்சமாவது அற்பம். நம் நாட்டில் அணுமின்சாரத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம்தான். ஓடாத நேரத்துக்குக் காசில்லை. உலையைச் சட்டென்று இறக்கினால் அணுப்பிளவைத் தடுக்கும் செனான் என்ற வாயு உள்ளே சேர்ந்து, மறுபடி ஏற்றக் காத்திருக்கவும் வேண்டிவரலாம். ஆகவே அதை ஓடவிட்டு, கரியைத்தான் குறைக்கச் சொல்வார்கள்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே காற்றாலைக்கு யூனிட் கணக்கில் வரிச்சலுகை உண்டு. அதை விடக்கூடாதென்று சந்தையில் பூஜ்யத்துக்குக் கீழேயும் விலை வைப்பார்கள். அந்த நேரம் அணு உலை கைக்காசு கொடுத்துத்தான் மின்சாரம் தள்ளவேண்டும். விஸ்கான்சினில் கெவானி உலையை, 2033 வரை உரிமம் இருந்தும், 2013-இல் மூடினார்கள். ஆனால் அதற்குப் பெரிய காரணம் மலிவான எரிவாயு. பழியை முழுக்கக் காற்றின் தலையில் கட்டாதே.

கோட்டையூர் வாசகர்: பேட்டரி வந்துவிட்டால் தீர்ந்துவிடாதா?

வள்ளல் அழகப்பர் கொடுத்த நிலத்தில் 1953 முதல் இயங்கும் நம்மூர் மின்வேதியியல் ஆய்வகத்தில் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. ராத்திரிக் காற்றை மறுநாள் சாயங்காலத்துக்கு வைக்கலாம். ஆடிக்காற்றை மார்கழிக்கு வைக்கும் பேட்டரியை நான் இன்னும் பார்க்கவில்லை.