மோட்டார்ஹோம் டெலிவரி: முதலில் தண்ணீர்

நீங்கள் வாங்கும் மோட்டார்ஹோமை, அதாவது படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டியை, ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டிவிட்டு வெள்ளிக்கிழமையே கையெழுத்துக் கேட்கிறார் டீலர் என்கிறீர்கள். போதாது, நாலு மணி நேரமாவது கேளுங்கள். ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும் வகை என்றால் முந்தின நாளே போட்டுவைக்கச் சொல்லுங்கள், குளிர அவ்வளவு நேரமாகும்.

முதலில் தண்ணீர். டேங்கை நிரப்பி, பம்பைப் போட்டு, எல்லாக் குழாயையும் மூடிவிட்டுக் காதைத் தீட்டுங்கள். நின்ற பம்ப் சில நிமிடத்தில் தானாக உறுமினால் எங்கோ கசிகிறது. சிங்க் அடியிலும் கழிப்பறைக்குப் பின்னாலும் இணைப்புகளை டிஷ்யூவால் ஒற்றுங்கள். கண்ணுக்குத் தப்பும் ஈரம் அதில் தெரியும். தொழிற்சாலையிலிருந்து ஓடி வந்த குலுக்கலில் மரைகள் தளர்வது சகஜம். ஹீட்டரை மின்சாரத்தில் போடுமுன் சுடுநீர்க் குழாயில் தண்ணீர் சீராக வரவேண்டும். ஹீட்டரின் டேங்க் காலியாக இருக்கும்போது போட்டால் காயில் போச்சு.

கூரையில் விசிறி, ஏணி ஓரங்களில் சீலண்ட் (கசிவை அடைக்கும் பசை) விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள். ஸ்லைடு-அவுட்டை (சுவரிலிருந்து வெளியே நீளும் அறைப்பகுதி) முழுக்க நீட்டி மடக்கி, ரப்பர் பட்டை உள்ளே மடிகிறதா என்றும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் டிஓடி (DOT) எண்ணின் கடைசி நாலு இலக்கம் 3524 என்றால் 2024இன் 35ஆவது வாரத் தயாரிப்பு.

“வாரண்டியில் பார்த்துக்கலாம்” என்பார் டீலர். மசியாதீர்கள், பிறகு வண்டி பட்டறையில் வாரக்கணக்கில் நிற்கும். குறைகளை எழுதி, அவர் கையெழுத்தை முதலில் வாங்குங்கள்.