வினைத்திறன் கூடிய வாயு உலைகளை பிரித்தானியா ஏன் கைவிட்டது?

"வாயுவால் குளிர்விக்கும் அணு உலைக்கு வினைத்திறன் கூட என்றால் பிரித்தானியா ஏன் நீர் உலைக்கு மாறியது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பொறியியல் படிக்கும் பிள்ளையாக இருக்க வேண்டும், வாயு உலையின் 41 சதவீத வினைத்திறன் உங்களைப் பிடித்துவிட்டது. நான் விஞ்ஞானி இல்லை, கிராண்ட்பாஸில் 22 வருடமாக பொயிலர் வேலை. வெல்டிங் பாஸுக்கு இது எதற்கு என்று எழுத வருபவர்கள் முழுக்க வாசித்துவிட்டு எழுதுங்கள்.

வெப்பத்தை மின்சாரமாக்குவதில் நீர் உலை 33 சதவீத அளவில் நிற்கும்போது ஏ.ஜி.ஆர். எனும் பிரித்தானிய வாயு உலைகள் 41ஐத் தொட்டது உண்மைதான். காபனீரொட்சைட்டு 600 பாகைக்கு மேல் சூடாகி வருவதால் நீராவி தரமாகக் கிடைக்கும். ஆனால் தண்ணீர் அளவுக்கு வாயு வெப்பத்தைச் சுமக்காது. அதனால் எரிபொருளைச் சுற்றிய காரீய (கிராபைட்டு) அடுக்கும் பெரிது, அதை மூடும் கொங்கிறீட் கலனும் பெரிது. பொயிலரும் அந்தக் கலனுக்குள்தான். இதைப் பட்டறையில் முடித்து லொறியில் ஏற்றவே முடியாது, தளத்தில்தான் கட்ட வேண்டும்.

அந்த வலி எனக்குத் தெரியும். 2011இல் பேலியகொடையில் ஒரு சாயத் தொழிற்சாலைக்கு பொயிலர் கொண்டுபோனோம். சுவர் முன்பே எழும்பியிருந்தது. வாசலில் ஒன்றரை அங்குலம் இடித்தது. மூன்று தரம் நாடா பிடித்தேன், அதே ஒன்றரை. சுவரை உடைக்க முதலாளி விடவில்லை. பொயிலரின் முன்கதவு விளிம்பை வெட்டி, உள்ளே வைத்து மறுபடி ஒட்டி, அழுத்தச் சோதனையும் செய்தோம். எட்டு நாள் வேலை ஏழு கிழமை இழுத்தது. அவருடைய கடன் வட்டியை எங்கள் கூலியில் கழித்தார்கள். கழித்த காசு இன்றுவரை வரவில்லை. ஆறு பேருடைய கூலி அது.

இங்கிலாந்தின் டஞ்சனஸ் பி எனும் ஏ.ஜி.ஆர். நிலையத்திலும் நடந்தது இதுதான். கலனின் உள்ளுறை கோணியதால் பொயிலர்கள் உள்ளே பொருந்தவில்லை. 1965இல் கட்டளை கொடுத்த நிலையம் 1983இல்தான் முதல் மின்சாரம் தந்தது. அணு மின்சாரத்தில் எரிபொருள் சிறிய செலவு. கட்டுமானமும் வட்டியும்தான் பெரிது. வினைத்திறன் மிச்சம்பிடிப்பது அந்தச் சிறிய செலவைத்தான். போதாததற்கு வெவ்வேறு நிறுவனக் கூட்டுகள் வெவ்வேறு வரைபடத்தில் கட்டின, ஒரு தளத்தில் படித்தது அடுத்த தளத்துக்கு உதவவில்லை. அதனால்தான் பிரித்தானியாவில் 1995இல் வந்த சைஸ்வெல் பி நிலையம் நீர் உலை.

சீனா இப்போது ஈலியம் வாயுவால் குளிர்விக்கும் சிறிய உலை கட்டியிருக்கிறது, உருக்குக் கலன், இரண்டு உலை சேர்ந்து 210 மெகாவாட். அளவைக் குறைத்தது சரி என்றே நினைக்கிறேன். அதுவும் 2012இல் தொடங்கி 2023இல்தான் வணிக உற்பத்திக்கு வந்தது.