சாக்கு மூட்டையா, சட்டையா?

கேள்வி: எனக்கு வயது 21, ஊர் திருப்பரங்குன்றம். ஐந்து பெண்கள் சேர்ந்து வாலரன்ட் என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுகிறோம். முதல்முறையாகச் சென்னையில் ஒரு லேன் போட்டிக்கு (எல்லா அணிகளும் ஒரே அரங்கில் நேரில் கூடி ஆடுவது) போகிறோம். சைபர்பங்க் பாணியில் (எதிர்கால நகரக் கதைகளில் வருகிற மாதிரி பட்டை, பக்கிள் எல்லாம் வைத்து) கறுப்பு ஓவர்சைஸ் சட்டை தைத்துப் போட ஆசை. "சாக்கு மூட்டை மாதிரி இருக்கும்" என்கிறார் அம்மா. "ஆம்பளை மாதிரி சீன் போடுற" என்கிறார்கள் கூட ஆடும் பையன்கள். போடலாமா? எப்படித் தைக்கச் சொல்வது?

பதில்: தாராளமாகப் போடுங்கள். மைக்கில் குரல் கேட்டதுமே "பொண்ணா?" என்று ஆரம்பிக்கிற ஆன்லைன் கூட்டத்தில் ஆடுகிறீர்கள். பெண்களை முன்வைத்து, வாலரன்ட்டை உருவாக்கிய ரயட் நிறுவனம் 2021-ல் கேம் சேஞ்சர்ஸ் போட்டிகளைத் தொடங்கியும் அந்தக் கேள்வி ஓய்ந்தபாடில்லை. உடம்பைப் பற்றிப் பேச இடம் கொடுக்காத ஒரு சட்டை நிம்மதிதான். அதில் ஆம்பளை வேஷம் எங்கே வந்தது?

அம்மா சொல்வதில் மட்டும் பாதி நியாயம் இருக்கிறது. டெய்லரிடம் "பெரிய சைஸ்" என்று மொட்டையாகச் சொன்னால் கழுத்தையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடுவார். சட்டை ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருக்கும். கழுத்து உங்கள் அளவிலேயே இருக்கட்டும். மார்பு 34 என்றால் சட்டை 46. தோள் 14½ என்றால் 20. தோள் ஒரு பக்கத்துக்கு 2¾ அங்குலம் இறங்குவதால், கை நீளத்தில் அதே அளவைக் குறைக்க வேண்டும். கையின் மேல் வளைவைத் தட்டையாக வெட்டச் சொல்லுங்கள். வழக்கமான வளைவு வைத்தால் தோளில் பஃப் கை மாதிரி புடைத்து நிற்கும்.

பாராசூட் துணி வேண்டாம். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுவதற்குள் வியர்வையில் நனைந்துவிடுவீர்கள். 44 அங்குல அகலத்தில் கறுப்பு காட்டன் ட்வில் இரண்டரை மீட்டர் எடுத்து, ஓர் இரவு ஊறவைத்துக் காயவைத்த பிறகே வெட்டக் கொடுங்கள். முதுகில் ஒரு பட்டைக்கு வெள்ளைப் புள்ளி போட்ட கறுப்புச் சுங்குடி வையுங்கள். தூரத்தில் பார்த்தால் பிக்சல் மாதிரியே இருக்கும். சுங்குடி மெல்லிசு, உள்ளே லைனிங் அவசியம். மீனாட்சியம்மன் கோயில் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். கள்ளழகர் வேஷத்துக்கே உடுப்பு தைக்கிறவர்கள், உங்கள் டிசைனைப் பார்த்து மிரள மாட்டார்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். பெரிய சறுக்கல் வலது கையில்தான். சென்சிட்டிவிட்டி (மவுஸ் அசைவுக்குத் திரையில் குறி நகரும் வேகம்) குறைவாக வைத்து முழங்கையிலிருந்து மவுஸை வீசுபவர் என்றால், தொளதொளத்த சட்டைக் கை மவுஸ்பேடில் உரசி, ஃப்ளிக் (சட்டென்று குறியை எதிரி மேல் திருப்புவது) பாதியிலேயே நின்றுவிடும். சட்டைக் கை முழங்கைக்கு மேலேயே முடியட்டும்; கீழே லைக்ரா ஆர்ம் ஸ்லீவ் போட்டுக்கொள்ளுங்கள். தொங்கும் பட்டைகள் நாற்காலிக் கைப்பிடியில் மாட்டும், அதனால் இரு முனையும் தைத்திருக்க வேண்டும். பக்கிள் பிளாஸ்டிக்கே போதும், உலோகம் மேசையில் இடிக்கிற சத்தம் மைக்கில் விழும். ஹூட் ஆசை இருந்தால் பட்டன் வைத்துக் கழற்றும்படி தையுங்கள். ஹெட்செட்டுக்கு அடியில் துணி நுழைந்தால் காதுப் பஞ்சு ஒட்டாமல் எதிரியின் காலடிச் சத்தம் மங்கிவிடும்.

வெளிச்சம் பட்டால் மின்னும் ரிஃப்ளெக்டிவ் டேப் வைப்பதானால், மார்புக்கு மேலே வைக்காதீர்கள். ஃப்ளாஷ் அடித்தால் டேப் பளீரென்று எரியும், படத்தில் முகம் இருட்டாகிவிடும். கீழ் ஓரத்தில் ஒரு அங்குலப் பட்டை போதும். அதன்மேல் நேரடியாக இஸ்திரி வேண்டாம்.

துணி எடுக்குமுன் போட்டி விதிகளில் உடை பற்றிய பகுதியைப் படித்துவிடுங்கள். டீம் ஜெர்சி கட்டாயம் என்றால் இந்தச் சட்டையை ஜெர்சிக்கு மேல் போட்டுக்கொண்டு நடந்து வரலாம். அப்போது முன்பக்கம் முழுக்கத் திறக்கும்படி ஜிப் வைக்க வேண்டியிருக்கும். அதை வெட்டுவதற்கு முன்பே டெய்லரிடம் சொல்லுங்கள்.