பில்லியைப் போலவே ஒரு பையன் வகுப்பில் இருந்தால்

வணக்கம் டீச்சர். கோத்தகிரியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கில எழுத்தாளர் பாரி ஹைன்ஸின் 1968 நாவலான ‘A Kestrel for a Knave’-ஐ நடத்தப் போகிறீர்கள், அதன் நாயகனான சிறுவன் பில்லியைப் போலவே வீட்டில் அடிபடும் பையன் ஒருவன் வகுப்பில் இருக்கிறான், நடத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக நடத்தலாம். ‘உங்கள் வீட்டில் எப்படி?’ என்ற கேள்வி மட்டும் வேண்டவே வேண்டாம்.

தான் வளர்க்கும் வல்லூறைப் பழக்கிய விதத்தைப் பில்லி தன் வகுப்பில் விளக்கும் இடத்தில் நிதானமாக நில்லுங்கள். காலில் கட்டும் தோல்வார் வரை சொல்வான், வாத்தியாரே மாணவராகிவிடுவார். அப்புறம் உங்கள் பிள்ளைகளையும் கொழுந்து கிள்ளுவதையோ கேரட் கழுவுவதையோ விளக்கச் சொல்லுங்கள். அந்தப் பையனை முதலில் கூப்பிடாதீர்கள். நாவலில் வரும் கால்பந்து ஆட்டப் பகுதி தானாக ஓடிவிடும், பசங்களுக்குச் சிரிப்புதான்.

பில்லியின் பறவையை அவன் அண்ணன் கொன்றுவிடுவதை மட்டும் அந்தப் பையனிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள். அடி இன்னும் தொடர்கிறது என்றால் நாவல் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள்.