படையா, கஜானாவா?

வணக்கம். அலெக்சாந்தருக்குப் பிறகு மேற்கு ஆசியாவை ஆண்ட செலூக்கிய அரசைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அரசனுக்கு அடுத்த இடத்தில் ஆட்சிப் பொறுப்பு முழுவதையும் பார்க்கும் ஒரு தலைமை அமைச்சர் இருந்தார் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கும் ஒரு தளபதிக்கும் மோதல் வந்தால் யார் கை ஓங்கும்? படை வைத்திருப்பவர்தானே?
– க.

அன்புள்ள க.,

அப்படித்தான் தோன்றும். ஆனால் செலூக்கிய அரசன் மூன்றாம் ஆண்டியோகஸின் ஆரம்ப வருடங்களைப் பாருங்கள். கி.மு. 223இல் பட்டத்துக்கு வந்தபோது அவன் இளைஞன். அமைச்சர் ஹெர்மியாஸ் அவனுடைய அண்ணன் காலத்திலேயே அந்தப் பதவிக்கு வந்தவர். தளபதி எபிகெனஸ் படைவீரர்களின் செல்லப்பிள்ளை.

இன்றைய ஈரானில் இருந்த மேதியா மாகாணத்தின் ஆளுநர் மோலோன் கலகம் செய்தான். அரசன் நேரில் போக வேண்டும் என்றார் எபிகெனஸ். ஹெர்மியாஸ் அதை எதிர்த்தார். அனுப்பிய தளபதிகள் தோற்றதும் வேறு வழியில்லாமல் படை திரண்டது. அப்போது பார்த்து, சிரியாவின் அபமேயா நகரில் வீரர்கள் சம்பளப் பாக்கி கேட்டுக் கலகத்தில் இறங்கிவிட்டார்கள். அரசனிடம் பணமில்லை. பாக்கி முழுவதையும் தீர்க்கிறேன், எபிகெனஸ் இந்தப் படையெடுப்புக்கு வரக்கூடாது என்றார் ஹெர்மியாஸ். அரசனுக்கு மனமில்லைதான், ஆனாலும் ஒப்புக்கொண்டான். காசு கைக்கு வந்ததும், வட சிரியாவின் கிர்ரஸ் பகுதி வீரர்களைத் தவிர மற்றவர்கள் அடங்கிவிட்டார்கள். செல்லப்பிள்ளைக்காக யாரும் வாய் திறக்கவில்லை.

ஹெர்மியாஸ் அதோடு விடவில்லை. எபிகெனஸின் அடிமை ஒருவனுக்குப் பணம் கொடுத்து, மோலோன் எழுதியதுபோல ஒரு பொய்க் கடிதத்தை அவருடைய காகிதங்களுக்குள் செருக வைத்தார்கள். கோட்டைக் காவலன் வந்து தேடினான், கடிதம் கிடைத்தது, உடனே கொலை. அரண்மனையில் பலருக்குச் சந்தேகம், ஆனால் பயம். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சரி, ஹெர்மியாஸை யார் வீழ்த்தினார்? படை அல்ல, அரசனின் மருத்துவர் அப்பொல்லோபனெஸ். ஹெர்மியாஸுக்கு எதிராக அரசனிடம் பேசத் துணிந்தவர் அவர் ஒருவரே. அரசனுக்குத் தலைசுற்றல் என்று சொல்லி, அதிகாலைக் குளிரில் நடக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். அந்த நேரத்துக்கு எழுந்து வர ஹெர்மியாஸின் ஆட்கள் பழகியிருக்கவில்லை. முகாமிலிருந்து விலகிய இடத்தில் அவரைக் குத்திக் கொன்றார்கள். செய்தி கேட்டு அபமேயாவில் பெண்கள் அவர் மனைவியையும், சிறுவர்கள் அவர் மகன்களையும் கல்லால் அடித்தே கொன்றார்கள். அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

இத்தனைக்குப் பிறகும் தலைமை அமைச்சர் பதவியை ஒழிக்கவில்லை. கி.மு. 175இல் அதே பொறுப்பில் இருந்த ஹெலியோதோரஸ், ஆண்டியோகஸின் மகன் நான்காம் செலூக்கஸையே சதி செய்து கொன்றதாகப் பிற்கால வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார்.