கருங்கடல்: ஜூனில் பால்நீலம், பச்சையமோ குறைவு

ஜூன் மாதச் செயற்கைக்கோள் படத்தில் கருங்கடல் பால்நீலமாகத் தெரிகிறது, முழுக்கடல் சராசரியில், பாசியின் அளவைக் காட்டும் பச்சையம் குறைவாக வருகிறது, தரவு பிழையா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுத் தரவைத் தள்ளிவிடாதீர்கள். அந்த நிறம் எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற நுண்பாசியின் கைவரிசை. வண்டிச்சக்கரம் போன்ற சுண்ணாம்புத் தகடுகளை அது உடல் முழுக்கப் போர்த்தியிருக்கும். உதிர்ந்து மிதக்கும் தகடுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. பாசி செத்த பிறகும் நிறம் நிற்கும். 2017 ஜூனில் இஸ்தான்புல்லின் பாஸ்போரஸ் நீரிணையே இப்படி நிறம் மாறியது. இவ்வளவு வெளுத்த நீரில் பச்சையக் கணிப்பும் தடுமாறும்.

உண்மையான சிக்கல் உங்கள் சராசரிதான். வடமேற்கில் டான்யூப் ஆறு கொண்டுவரும் சத்தால் வசந்தத்தில் டயட்டம்கள் என்ற நுண்பாசிகள் பெருகும். நடுக்கடலிலோ குளிர்காலக் காற்று நீரைக் கலக்கும்போதுதான் மேற்பரப்புப் பச்சையம் கூடும். கோடையில் அது ஆழத்துக்குப் போய்விடும். வடமேற்கு, நடுக்கடல் இரண்டையும் பிரித்துக் கணக்கிடுங்கள்.